தொலைநோக்கி இல்லாதவர்களுக்கு சிடிஎம்எஸ்: ஒரு வேதியியல் டீச்சரின் விமர்சனம்

மதிப்பெண் மட்டும் போதும் என்பவர்களுக்கு: ஐந்துக்கு நாலரை. காரணம் வேண்டும் என்பவர்கள் மேலே படிக்கலாம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிடிஎம்எஸ் என்பது ஜெர்மனியில் கொலோன் பல்கலைக்கழகம் நடத்தும் மூலக்கூறு நிறமாலைத் தரவுத்தளம். வாயுவாகத் திரியும் மூலக்கூறு சும்மா இருக்காது, சுழன்றுகொண்டே இருக்கும். ஒரு சுழற்சி நிலையிலிருந்து அடுத்த கீழ்நிலைக்கு இறங்கும்போது குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் ரேடியோ அலையை விடும். எந்த மூலக்கூறு எந்தெந்த அதிர்வெண்ணில் விடும் என்பதை வரிசை வரிசையாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் இந்தத் தளம். படம் இல்லை, விளம்பரம் இல்லை, கணக்கு தொடங்கச் சொல்லும் நச்சரிப்பு இல்லை, காசும் இல்லை. ஹோல்கர் முல்லர் குழுவினர் 2001-இலும் 2005-இலும் இதைப் பற்றி எழுதிய கட்டுரைகளை விண்வெளி வேதியியல்காரர்கள் இன்றுவரை மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் வானியல் ஆள் இல்லை. கல்லூரியில் கரிம வேதியியல் நடத்துகிறேன். எம்.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் கொடுக்கும் காலம் வந்தாலே கெமிக்கல் வாங்கப் பணம் எங்கே என்ற பஞ்சாயத்தும் வந்துவிடும். பணமே தேவைப்படாத ப்ராஜெக்ட் இருக்காதா என்று தேடப் போய்த்தான் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தேன். ஆகவே, பெரிய தொலைநோக்கிகளில் நேரம் கேட்டு விண்ணப்பிக்கும் பேராசிரியர்களுக்காக இதை எழுதவில்லை. ஒரு மடிக்கணினி, சுமாரான இணைய இணைப்பு, பட்டப்படிப்பில் படித்து அரைகுறையாக நினைவிருக்கும் சுழற்சி நிறமாலை: இவ்வளவுதான் கையில் இருக்கிறது என்பவர்களுக்காக எழுதுகிறேன்.

இப்படி ஒரு பட்டியல் எதற்கு என்று முதலில் பார்த்துவிடலாம். ரேடியோ தொலைநோக்கி நமக்குத் தருவது ஒரு வரைபடம். கிடையாக அதிர்வெண், செங்குத்தாக அலையின் வலிமை, நடுவில் முள்முள்ளாய்க் கோடுகள். எந்தக் கோடு யாருடையது என்று தொலைநோக்கி சொல்லாது. 1969-இல் ஸ்னைடர், புஹ்ல், சக்கர்மன், பால்மர் என்ற நால்வர் அமெரிக்காவின் கிரீன் பேங்கில் இருந்த 140 அடி தொலைநோக்கியில் 4830 மெகாஹெர்ட்ஸ் அருகே ஒரு கோட்டைப் பிடித்து 'இது ஃபார்மால்டிஹைடு' என்றார்கள். விண்மீன்களுக்கு இடையே முதன்முதலாகக் கிடைத்த கரிம மூலக்கூறு அதுதான். அவ்வளவு துணிச்சலாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அந்த அதிர்வெண்ணை ஏற்கெனவே பூமியில் ஆய்வகத்தில் அளந்து வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து இதுவரை விண்வெளியில் கண்ட மூலக்கூறுகள் 300-ஐத் தாண்டிவிட்டன. சுழற்சிக் கோட்டால் அடையாளம் கண்டவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கதை இதேதான். ஆய்வகத்தில் அளக்காத மூலக்கூறு வானம் முழுக்க நிறைந்திருந்தாலும் நமக்கு அது பெரும்பாலும் பெயரில்லாத முள்தான்.

என்னைப் போன்ற கரிம வேதியியல்காரர்களுக்கு இதில் நாவூறும் பகுதி, பாட்டிலில் அடைத்து வைக்க முடியாத சரக்கு. ஹைட்ராக்சிலமைனை எடுத்துக்கொள்ளுங்கள். கரைசலாகவோ உப்பாகவோ வாங்கினால் பரவாயில்லை. தண்ணீரைக் குறைத்துச் செறிவூட்டப் போனால் வெடிக்கும். 1999-இல் பென்சில்வேனியாவில் ஒரு ஆலையில் அப்படித்தான் வெடித்து 5 பேர் செத்துப்போனார்கள். அதே மூலக்கூறை 2020-இல் ரிவிய்யா குழுவினர் நம் பால்வெளியின் மையத்துக்கு அருகே ஜி+0.693-0.027 என்ற வாயு மேகத்தில், ஸ்பெயினில் உள்ள 30 மீட்டர் ஐராம் தொலைநோக்கியால் கண்டார்கள். அதற்கு முன் வேறு மேகங்களில் தேடியவர்கள் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள். வினைப்படத் துடிக்கும் மூலக்கூறு அங்கே மட்டும் எப்படிப் பிழைத்துக் கிடக்கிறது? மோதுவதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை, அதுதான் காரணம். நம் ஆய்வகத்தின் நல்ல வெற்றிடக் குடுவையைவிட அந்த மேகம் காலி. குளிரோ அதைவிட மோசம்.

இப்படி எளிதில் வினைபுரிபவைதான் உயிர் வேதியியலின் மூலப்பொருள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாந்தமான மூலக்கூறிலிருந்து ஒன்றும் பிறக்காது. ஃபார்மால்டிஹைடும் ஹைட்ரஜன் சயனைடும் கூடினால் கிளைகோலோநைட்ரைல். அம்மோனியாவும் கூட்டணியில் சேர்ந்தால் அமினோ அசிட்டோநைட்ரைல். அதை நீராற்பகுத்தால் கிளைசின் என்ற அமினோ அமிலம். ஸ்டிரெக்கர் வினை என்று கரும்பலகையில் நான் வருடா வருடம் எழுதுவது இதைத்தான். இதில் அமினோ அசிட்டோநைட்ரைலை 2008-இல் சாஜிடேரியஸ் பி2 மேகத்தில் பெல்லோஷ் குழுவினரும், கிளைகோலோநைட்ரைலை 2019-இல் ஐஆர்ஏஎஸ் 16293-2422 என்ற குழந்தை விண்மீனைச் சுற்றி ஸெங் குழுவினரும் கண்டார்கள். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. சிலியில் உள்ள அல்மா தொலைநோக்கியின் காப்பகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று கிடந்த பழைய தரவுகளைத் தோண்டி எடுத்த கண்டுபிடிப்பு அது.

சரி, கடைக்குள் நுழைவோம்.

தேடல் பக்கத்தைத் திறந்தால் 1990-களின் இறுதியில் வந்த இணையப் பக்கம் போலத்தான் இருக்கும். எந்த அதிர்வெண்ணிலிருந்து எது வரை, குறைந்தபட்ச வலிமை எவ்வளவு, எந்த மூலக்கூறு என்று மூன்று நான்கு பெட்டிகள். ஒரு மூலக்கூறைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் எண்களாய்க் கொட்டும். கார்பன் மோனாக்சைடு கேட்டால் முதல் வரி இப்படி வரும்: 115271.2018, 0.0005, -5.0105, 2, 0.0000, 3, -28503, 101, கடைசியில் 1, 0. தலைப்பு இல்லை, விளக்கம் இல்லை. "மேடம், இது போன் நம்பரா?" என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி.

அந்த ஒரு வரியைப் பிரித்துக் காட்டுகிறேன், பிறகு எல்லா வரியும் பிடிபடும். முதல் எண் அதிர்வெண், மெகாஹெர்ட்ஸில். அடுத்தது அதில் எவ்வளவு பிசகு இருக்கலாம் என்பது. மூன்றாவது கோட்டின் வலிமை, மடக்கை அளவில். நான்காவது மூலக்கூறின் வடிவத்தைச் சொல்வது: கம்பி போல நேராக இருந்தால் 2, இல்லையென்றால் 3. ஐந்தாவது கீழ்நிலையின் ஆற்றல். ஆறாவது மேல்நிலையில் ஒரே ஆற்றலில் எத்தனை நிலைகள் உண்டு என்பது. ஏழாவதுதான் மூலக்கூறின் அடையாள எண். அதற்குப் பிறகு குவாண்டம் எண்களை எப்படி வாசிப்பது என்ற குறியீடு, கடைசியில் குவாண்டம் எண்கள்: மேலே 1, கீழே 0.

அடையாள எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி இருக்கிறதே, அதைக் கவனித்தீர்களா? அச்சுப்பிழை இல்லை. கழித்தல் இருந்தால் அந்த அதிர்வெண் ஆய்வகத்தில் அளந்தது. இல்லையென்றால் மற்ற அளவீடுகளை வைத்துக் கணக்கிட்டது. இவ்வளவு முக்கியமான சங்கதியை இவ்வளவு சின்னக் கோட்டுக்குள் ஒளித்து வைத்தவர்களை என்னவென்று சொல்வது! ஆனால் பழகிவிட்டால் கண் தானாக அங்கேதான் போகும். வினைத்திறன் மிகுந்த மூலக்கூறுகளில் அளந்த கோடுகள் குறைவாகத்தான் இருக்கும், மீதியெல்லாம் கணக்கு. அளந்த எல்லைக்கு அப்பால் தள்ளிப் போகப் போக இரண்டாவது நெடுவரிசையின் எண் மெல்ல வீங்குவதை நீங்களே பார்க்கலாம்.

அந்த இரண்டாவது எண் ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்றால், ஐஆர்ஏஎஸ் 16293-இன் ஒரு பகுதியில் கோடுகளின் அகலம் நொடிக்கு ஒரு கிலோமீட்டர் அளவுதான். 345 கிகாஹெர்ட்ஸில் அது 1.15 மெகாஹெர்ட்ஸ். பட்டியலில் ஒரு கோட்டின் பிசகே 2 மெகாஹெர்ட்ஸ் என்றால் பக்கத்து வீட்டுக் கோட்டைப் பிடித்து நம்முடையது என்று சொல்லிக்கொண்டிருப்போம். அந்த வட்டாரத்தில் பக்கத்து வீடுகளுக்குப் பஞ்சமில்லை. யோர்கென்சன் குழுவினர் அல்மாவை வைத்து 329 முதல் 363 கிகாஹெர்ட்ஸ் வரை அந்த விண்மீனை அலசியபோது 10,000-க்கும் மேற்பட்ட கோடுகள் கிடைத்தன. அத்தனை நெரிசலில் ஒரே ஒரு கோடு பொருந்துகிறது என்பதற்கு ஒரு மதிப்பும் கிடையாது.

வலிமை நெடுவரிசையில் ஒரு பொறி இருக்கிறது, புதிதாக வருகிறவர்கள் கவனிக்க வேண்டும். அந்த வலிமை 300 கெல்வினில், அதாவது நம் அறை வெப்பநிலையில் கணக்கிட்டது. மேகமோ 10 கெல்வினில் உறைந்து கிடக்கும். கீழ்நிலை ஆற்றல் 100 என்று போட்டிருக்கும் ஒரு கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 100 கெல்வினில் இல்லை, சென்டிமீட்டருக்கு எத்தனை அலை என்ற கணக்கில். 1.4388-ஆல் பெருக்கினால் சுமார் 144 கெல்வின். ஒரு நிலையில் எவ்வளவு மூலக்கூறு இருக்கும் என்பதைத் தீர்மானிக்கும் போல்ட்ஸ்மன் காரணி அறை வெப்பநிலையில் 0.6 வரும், ஆக அந்த நிலையில் மூலக்கூறுகள் தாராளமாக இருக்கும். 10 கெல்வினில் அதுவே பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். பட்டியலில் வீராப்பாக நிற்கும் கோடு வானத்தில் இருக்கவே இருக்காது என்று அர்த்தம். தேடல் பக்கத்திலேயே வெப்பநிலையை மாற்றிக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். மூலக்கூறுகள் எல்லா நிலைகளிலும் எப்படிப் பரவியிருக்கும் என்று கணக்கிட உதவும் பார்ட்டிஷன் ஃபங்ஷன் மதிப்புகளும் வெவ்வேறு வெப்பநிலைகளுக்கு தனிப் பக்கத்தில் உண்டு. ஆனாலும் முதலில் கண்ணில் படுவது 300-தான். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் உள்ள விளக்கக் குறிப்பைப் படிக்காமல் எண்ணை மட்டும் எடுக்காதீர்கள். அதிர்வு நிலைகளை அந்த ஃபங்ஷனில் சேர்த்திருக்கிறார்களா இல்லையா என்பதும் அங்கேதான் இருக்கும். அது தெரியாவிட்டால் மேகத்தில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்ற கணக்கே தப்பாகிவிடும்.

பட்டியல் மூலக்கூறு நிறையின் வரிசையில் போகிறது. அடையாள எண்ணின் முதல் மூன்று இலக்கம் நிறை, நாலாவது இடத்தில் 5 இருந்தால் கொலோன் சரக்கு. கார்பன் மோனாக்சைடு 028503 ஆனது இப்படித்தான். இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த அடுக்கு 60. அசிட்டிக் அமிலம், மெத்தில் ஃபார்மேட், கிளைகோலால்டிஹைடு மூன்றுக்கும் ஒரே வாய்பாடு: இரண்டு கார்பன், நான்கு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன். நிறை 60. யூரியாவுக்கும் 60. நிறைநிறமாலைக் கருவியில் போட்டால் முதல் மூன்றும் ஒரே இடத்தில் வந்து உட்காரும், பிரிக்கத் தலைகீழாக நிற்க வேண்டும். சுழற்சி நிறமாலையில் அந்தக் குழப்பமே கிடையாது. அணுக்கள் அதேதான், ஆனால் மாட்டியிருக்கும் விதம் வேறு. சுழலும்போது நிலைமத் திருப்புத்திறன் வேறு, கோடுகளும் வேறு. வகுப்பில் மாற்றியம் நடத்தும்போது இந்த மூன்று பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பிள்ளைகளுக்கு உடனே உறைக்கிறது.

அந்த அடுக்கில் நாலாவதாக வந்து சேர்ந்த ஆள்தான் சுவாரசியம். எத்தீன்டையால். கிளைகோலால்டிஹைடின் ஈனால் வடிவம், அதாவது ஒரு ஹைட்ரஜனும் இரட்டைப் பிணைப்பும் இடம் மாறிய வடிவம். ஃபார்மால்டிஹைடிலிருந்து சர்க்கரைகள் உருவாகும் ஃபார்மோஸ் வினையை 1861-இல் புட்லெரோவ் கண்டார். அதில் நடுவழியில் வந்து போகும் பேர்வழி இவர். நாங்கள் பலகையில் அம்புக்குறி போட்டு வரைவதோடு சரி, கண்ணால் யாரும் பார்ப்பதில்லை. அடுத்த நொடியே ஆல்டிஹைடாக மாறிவிடத் துடிக்கும் ஒன்றை எப்படி அளப்பது? அதைத் தரக்கூடிய கொஞ்சம் நிலையான ஒரு தாய்ச்சேர்மத்தை முதலில் தயாரிக்கிறார்கள். வெற்றிடத்தில், சூடான குழாய் வழியாக, கண்மூடித் திறப்பதற்குள் அதைச் சிதைத்து, வெளிவரும் வாயுவை அப்படியே நிறமாலைக் கருவிக்குள் அனுப்புகிறார்கள். 2022-இல் மெலோசோ குழுவினர் இதன் கோடுகளை அளந்து வெளியிட்டார்கள். அதே 2022-இல் ரிவிய்யா குழுவினர் ஹைட்ராக்சிலமைன் கிடைத்த அதே ஜி+0.693 மேகத்தில், ஸ்பெயினின் 40 மீட்டர் யேபஸ் தொலைநோக்கியையும் 30 மீட்டர் ஐராமையும் வைத்து அதைக் கண்டும் விட்டார்கள். ஆய்வகத்தில் அளந்த மை காய்வதற்குள் வானத்தில் ஆள் சிக்கியாயிற்று. அந்த மேகத்தைத் தொலைநோக்கி அதற்கு முன்பும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. இல்லாதிருந்தது அதிர்வெண் பட்டியல்தான். நான் ஒரு எண் அட்டவணைக்கு நாலரை நட்சத்திரம் கொடுப்பது ஏன் என்று இப்போது விளங்கியிருக்கும்.

இந்தப் பட்டியலால் ஒரு மூலக்கூறு இருக்கிறது என்று சொல்வதைவிட இல்லை என்று சொல்வது இன்னும் அழகாக முடிகிறது. கிளைசின் விவகாரம் அப்படித்தான். 2003-இல் குவான் குழுவினர் மூன்று இடங்களில் 27 கோடுகளைக் காட்டி, விண்மீனிடை வெளியில் அமினோ அமிலம் கிடைத்துவிட்டது என்றார்கள். செய்தித்தாள்களுக்குக் கேட்கவா வேண்டும். 2005-இல் ஸ்னைடரும் கூட்டாளிகளும் அதை எடுத்துச் சரிபார்த்தார்கள். ஆம், ஃபார்மால்டிஹைடு கண்ட அதே ஸ்னைடர். அவர்கள் கேட்டது எளிய கேள்வி: இந்தக் கோடுகள் கிளைசினுடையவை என்றால், அதே வெப்பநிலையில் இதே அளவு வலிமையோடு இன்னும் சில கோடுகள் வந்தே தீர வேண்டுமே, அவை எங்கே? இருக்க வேண்டிய இடத்தில் அவை இல்லை. பேருந்து நிலையக் கால அட்டவணையில் மூன்று வண்டி நேரம் ஒத்துப்போகிறது என்பதற்காக இது நம் ஊர் நிலையம்தான் என்று சொல்லிவிட முடியாது, வர வேண்டிய மற்ற வண்டிகளும் வர வேண்டும். சூரியக் குடும்பத்து வால்மீன்களில் கிளைசின் உண்டு. ரொசெட்டா விண்கலம் சென்ற 67பி வால்மீனில் இருந்ததை 2016-இல் அறிவித்தார்கள். விண்மீனிடை வெளிக்கான பட்டியலில் மட்டும் இன்னும் இடம் பெறவில்லை. சிடிஎம்எஸ் தளத்திலேயே 'விண்வெளியில் உள்ள மூலக்கூறுகள்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. சந்தேகத்துக்குரியவற்றுக்குக் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குறிக்காகவே அவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடியது.

என் பிள்ளைகளிடம் ப்ராஜெக்டில் இதைத்தான் கறாராகக் கேட்பேன். கோடு பொருந்துகிறது என்று வந்து நிற்காதே. அதே மூலக்கூறின் வலிமையான கோடுகளையெல்லாம் எடு. மேகம் நகரும் வேகத்தால் அதிர்வெண் தள்ளிப் போகும், அந்த டாப்ளர் நகர்வைக் கழி. சாஜிடேரியஸ் பி2 நொடிக்கு சுமார் 64 கிலோமீட்டர் வேகத்தில் விலகுகிறது, 100 கிகாஹெர்ட்ஸில் அதுவே 21 மெகாஹெர்ட்ஸ் தள்ளிவிடும். ஒரே வெப்பநிலை, ஒரே அளவு, ஒரே வேகம் வைத்து எல்லாக் கோடும் வருகிறதா பார். ஒன்று வராவிட்டாலும் ஏன் என்று எழுது. 'இல்லை' என்று முடியும் ப்ராஜெக்டுக்கும் நான் முழு மதிப்பெண் போடுவேன்.

இனி குறைகள். பட்டியலில் உள்ள வலிமைகள், மூலக்கூறுகள் வெப்பச் சமநிலையில் இருப்பதாக எண்ணிப் போட்டவை. வானம் எப்போதும் அப்படி நடந்துகொள்வதில்லை. கார்போடைஇமைடு நல்ல உதாரணம். பெப்டைடு இணைப்புக்கு ஆய்வகங்களில் 1955 முதல் பயன்படும் டிசிசி என்ற வினைபொருள் இதன் வழித்தோன்றல்தான். இரண்டு அமினோ அமிலங்களைக் கோக்க வேண்டும் என்றால் கை அங்கேதான் போகும். இந்தக் கார்போடைஇமைடை 2012-இல் மெக்குவயர் குழுவினர் கிரீன் பேங்கின் பெரிய தொலைநோக்கித் தரவில், சாஜிடேரியஸ் பி2 நோக்கிய திசையில் கண்டார்கள். சாதாரணக் கோடுகளாக அல்ல, மேசராக, அதாவது அலை தானே பெருகி வலுவடையும் கோடுகளாக. பட்டியல் வலிமையை மட்டும் நம்பியிருந்தால் கண்டுபிடிக்கவே முடியாது என்று ஒதுக்கியிருப்போம். இது சிடிஎம்எஸ் செய்த குற்றமில்லை, அவர்கள் விற்கும் சரக்கே அது இல்லை. ஆனாலும் வாங்குகிறவர்கள் தெரிந்திருக்க வேண்டும்.

அரை நட்சத்திரத்தை நான் பிடுங்கியது வேறு காரணத்துக்காக. ஆற்றல் ஓர் அலகில், வானியல்காரர்கள் பேசுவது வேறு அலகில். 99-க்கு மேல் போகும் குவாண்டம் எண்ணை இரண்டு இடத்துக்குள் அடக்க 100-ஐ 'ஏ0' என்று எழுதும் பழைய வழக்கம். நெடுவரிசைகளுக்கு நடுவே சில சமயம் இடைவெளியே இருக்காது, எண்கள் ஒட்டிக்கொண்டு வரும். எக்செலில் ஒட்டினால் சொதப்பும், எழுத்து எண்ணித்தான் பிரிக்க வேண்டும். இவையெல்லாம் ஃபோர்ட்ரான் என்ற பழைய கணினி மொழிக் காலத்துச் சொத்து. வடிவமே நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்துப் பட்டியலிலிருந்து வந்தது, கொலோன்காரர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை.

போட்டிக் கடைகளைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஜேபிஎல் பட்டியல் மூத்தது, அமெரிக்கச் சரக்கு. மெத்தில் ஃபார்மேட் போன்ற சிலவற்றுக்குப் பெரும்பாலோர் அங்கேதான் போகிறார்கள். ஸ்பிளாட்டலாக் என்பது இரண்டையும், இன்னும் சிலவற்றையும் ஒன்றாகக் கொட்டி வைத்த பேரங்காடி. மூலக்கூறின் பெயரால் தேடலாம், வடிகட்டிகள் நிறைய, தலைப்புகள் உண்டு, ஆற்றலைக் கெல்வினிலும் காட்டும். புதியவர்களுக்கு அதுதான் சுலபம். ஆனால் ஒரே கோடு இரண்டு பட்டியலிலிருந்தும் இரண்டு முறை வந்து நிற்கும், எது புதிய அளவீடு என்று பார்க்காமல் எடுத்துவிடுவார்கள். என் வழக்கம், ஸ்பிளாட்டலாக்கில் தேடிப் பார்த்துவிட்டு எண்ணை சிடிஎம்எஸ்ஸில் எடுப்பது. பைத்தான் தெரிந்த பிள்ளைகள் ஆஸ்ட்ரோகுவரி என்ற நிரல்தொகுப்பு வழியாக மூன்றிலிருந்தும் நேராக இழுத்துக்கொள்கிறார்கள். எக்செல் தலைவலியும் அதோடு தீர்ந்தது.

பட்டியலை வைத்துக்கொண்டு ஒப்பிட வானம் வேண்டுமே. அதற்கு அல்மா காப்பகம். சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் 5000 மீட்டர் உயரத்தில் நிற்கும் 66 கிண்ணங்களின் தரவு, பொதுவாக உரியவர்களுக்குக் கிடைத்து 12 மாதம் கழிந்ததும் உலகத்துக்கே பொது. மூலத் தரவைத் தொடாதீர்கள், மடிக்கணினி தாங்காது. சரிசெய்து முடித்த படக்கனசதுரக் கோப்புகள் (ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் ஒரு படம் என்று அடுக்கியவை) தனியாக இருக்கும், அவற்றில் சின்னதாக ஒன்றை எடுத்தாலே ஒரு பருவத்துக்கு வேலை இருக்கிறது. தரவைச் செயலாக்கும் காசா மென்பொருள் லினக்ஸிலும் மேக்கிலும்தான் ஓடும், விண்டோஸ்காரர்கள் சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும். பட்டியலை நிறமாலையின் மேல் பொருத்திப் பார்க்க மட்டும் என்றால் பிரான்சிலிருந்து வரும் கேசிஸ் போதும். ஜாவாவில் எழுதியது, விண்டோஸிலும் ஓடும், காசு கிடையாது.

யாருக்கு இது சரிப்படாது? அழகான படம் தேடி வருகிறவர்களுக்கு. தட்டினால் பதில் வர வேண்டும் என்பவர்களுக்கு. வேற்றுக்கோள் உயிர் கிடைத்துவிட்டதா என்று கேட்டு வருகிறவர்களுக்கும் சரிப்படாது. இங்கே இருப்பது உயிருக்கு வெகு முன்னால், செங்கல் சூளைக் கட்டத்துக் கதை.

எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். ப்ராஜெக்ட் அறிக்கையில் சிடிஎம்எஸ் என்று மட்டும் போட்டுவிட்டு நகராதீர்கள். ஒவ்வொரு மூலக்கூறின் குறிப்பிலும் அதை முதலில் அளந்த ஆய்வகக் கட்டுரை எது என்று எழுதியிருக்கிறார்கள், அதையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள். சூடான குழாயோடு மல்லுக்கட்டியவர்கள் அந்தக் கட்டுரையை எழுதியவர்கள்தான். முதல் தேடலுக்கு ஹைட்ரஜன் சயனைடு எடுங்கள். 88.6 கிகாஹெர்ட்ஸ் அருகே நுண்கோடுகள் மூன்று நெருங்கி நிற்பதைத் தரவிலும் பட்டியலிலும் ஒருசேரப் பார்க்கலாம், கை பழகும். எத்தீன்டையாலையெல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம். கைபேசியில் மட்டும் திறக்காதீர்கள், வரி மடங்கி எந்த எண் எந்த நெடுவரிசை என்றே தெரியாமல் போய்விடும்.